எட்டு நாள் ஒப்படைப்பு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் லாக் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எது பழுதென்று யார் ஓடி வந்தாலும், தலையைத் தூக்காமல் அவர் கேட்கிற முதல் கேள்வி, "லாக்ல என்ன இருக்கு?" என்பதுதான். கணினி தான் செய்கிற ஒவ்வொன்றையும் வரிக்கு வரி எழுதிக்கொண்டே போகும் குறிப்புக்கு லாக் என்று பெயர். மனிதர்கள் வந்து சொல்வதில் பாதி ஊகம், மீதி பயம். நடந்ததை நடந்தபடி சொல்வது லாக் மட்டும்தான் என்பது அவர் கட்சி.

பத்தொன்பது வருஷம் ஒரே நிறுவனம். பார்சல்களைப் பிரித்து வேன்களில் ஏற்றி வீடு வீடாக அனுப்புகிற கம்பெனி. திரையில் தெரிகிற பொத்தானும் வண்ணமும் வேறு ஆட்களின் வேலை. அந்தப் பொத்தானை ஒருவர் அமுக்கிய பிறகு உள்ளே நடக்கிற அத்தனையும் இவர் பொறுப்பு. எந்தப் பார்சல் எந்த வேனில், வேன் நின்றுபோனால் வேறு எதில், ஒரே பார்சலை இரண்டு பேர் கேட்டால் யாருக்கு. பேக்எண்ட் என்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறவரை அப்படி ஒரு ஆள் இருப்பதே வெளியில் தெரியாது. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஒரு பேக்எண்ட் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினான்கு பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். "இது உங்க திறமை பத்தின முடிவு இல்ல" என்று ஒரு பெண் தாளைப் பார்த்து வாசித்தாள். அவர் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது.

முதல் மாதம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கூப்பிட்ட இடமெல்லாம் போனார். ஓர் இடத்தில் நாற்பது நிமிஷத்தில் ஒரு புதிரை விடுவிக்கச் சொன்னார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் தேவைப்படாத புதிர். இன்னோர் இடத்தில் பேட்டி எடுக்க ஆளே இல்லை. திரையில் கேள்வி வரும், கீழே நொடிகள் குறையும், அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஐந்தாவது கேள்வியில், கிடங்கில் ஒருமுறை மின்சாரம் போனபோது எப்படிச் சமாளித்தார் என்று விவரித்துக்கொண்டிருந்தார். கதை சுவையான இடத்துக்கு வந்தபோது 'நேரம் முடிந்தது, நன்றி' என்று வந்தது. மீதியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கேட்க ஆளில்லை என்பது தெரியாமல் இல்லை, பாதியில் விட மனசு வரவில்லை.

"உங்க அனுபவம் எங்களுக்கு ரொம்ப அதிகம் சார்" என்று ஒரு கம்பெனி சொன்னது. இருக்கிற அனுபவத்தை எப்படிக் குறைத்துக்கொள்வது என்று யோசித்து, விண்ணப்பத்திலிருந்து முதல் ஏழு வருஷத்தை வெட்டினார். அடுத்த கம்பெனி, "இந்த வயசுக்கு அனுபவம் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றது. வெட்டியதைத் திரும்ப ஒட்டினார். பிறகு பல இடங்களிலிருந்து பதிலே வரவில்லை.

அவருடைய மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம், இது தெளிவா இருக்கா, அதுவா என்று கேட்டுவிட்டு வருவாள். வீட்டில் அவரிடம் எதுவும் கேட்கமாட்டாள். கேட்டால் வருத்தப்படுவாரே என்றுதான் கேட்கவில்லை. ஆனால் மாதம் போகப் போக, அந்தக் கேட்காமையே வீட்டில் ஓர் ஆளைப் போல உட்கார்ந்துகொண்டது.

எட்டாவது மாதம் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒருவர் போன் செய்தார். வீட்டிலிருந்தே செய்கிற வேலை, ஆனால் கம்பெனி பெயரை இப்போது சொல்ல முடியாது, விஷயத்தை வெளியே விடக்கூடாது, அதற்கு ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தார். சம்பளம் பற்றிக் கேட்டபோது, "முன்னாடி வாங்கினதே வேணும்னு இல்ல. குறைச்சுக்கூட வருவேன்" என்று அவராகவே முந்திக்கொண்டு சொன்னார். போனை வைத்த பிறகு, இத்தனை அவசரப்பட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

இரண்டு சுற்று நன்றாகவே போனது. மூன்றாவது சுற்றில் மேலாளர் வந்தாள். சுறுசுறுப்பான பெண், முப்பத்தைந்து இருக்கலாம், மரியாதையாகப் பேசினாள். மருத்துவமனைகளின் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளுக்கு அனுப்பிவைக்கிற கம்பெனி அது. திரையில் கட்டங்கள் வரைந்து, எதற்கடுத்து எது என்று காட்டிக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் நின்றாள்.

"முடிவுகள வரிசையா, ஒவ்வொண்ணா அனுப்புறது இதுதான். இதுக்கு நத்தைன்னு பேரு. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, இப்ப பாத்துக்கிறவர் வெச்ச பேரு."

அவர் கேட்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். போன வருஷம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்த பெயர் அது. மனைவியின் தம்பியும் இதே தொழில்தான். இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு மைத்துனன், ஒருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவருக்குப் போய்விடாமல் ஒவ்வொன்றாக அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய ஆறு வயது மகள், "அப்படின்னா மெதுவா போகுமா?" என்று கேட்டாள். "மெதுவாதான் போகும். ஆனா கண்டிப்பா போய்ச் சேரும்" என்றான். "அப்ப அது நத்தை" என்று அவள் முடிவாகச் சொன்னாள்.

"இப்ப பாத்துக்கிறவர் எங்க போறாரு?" என்று கேட்டார்.

"அவருக்கு இன்னும் தெரியாது. நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள் மேலாளர். "வேலையில குறை ஒண்ணும் இல்ல. செலவுதான். நீங்க சொன்ன சம்பளத்துக்கு இவ்வளவு அனுபவத்தோட ஆள் கெடைப்பாங்கன்னு நாங்களே எதிர்பாக்கல."

அதற்கு மேல் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னார். நத்தையில் எந்த இடத்தில் சிக்கல் வரும் என்று கேட்டபோது, உடனே சொன்னார். மேலாளர் புருவத்தை உயர்த்தினாள். அந்தச் சிக்கலைப் பற்றி மைத்துனனும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருந்தார்கள்.

மறுநாளே வேலை அவருக்குத்தான் என்று செய்தி வந்தது. பதில் சொல்ல ஐந்து நாள்.

மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அவள் கையில் இருந்த சட்டையை மடித்து, திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

"வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்லிடறேன்."

"தம்பிக்கு நான் போன் பண்றேன்."

"வேணாம். நான் நேர்ல போய்ச் சொல்றேன்."

மறுநாள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றபடி கேட்டாள். "அவங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லலன்னா..." என்று ஆரம்பித்தவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "ஞாயித்துக்கிழமை அவனைப் பாத்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம். அவசரம் இல்லையே."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு அவள்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே, தானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகப் போனார். மைத்துனன் கூடத்துத் தரையில் உட்கார்ந்து மகளுடைய சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. இந்த ஸ்பேனரைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்துக்கொண்டே சொன்னார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்டது, மூன்றாவது சுற்று, கட்டங்கள், எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. மைத்துனன் திருகுவதை நிறுத்தவில்லை. ஏற்கெனவே இறுகிவிட்ட நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நத்தைன்னே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"போன மாசம் என்கிட்ட, எல்லாத்தையும் எழுதி வையுங்கன்னாங்க. நல்ல பழக்கம்தானேன்னு உக்காந்து எழுதினேன். முப்பது பக்கம் மாமா. படமெல்லாம் போட்டு." சிரித்தான். "உங்களுக்குத்தான் எழுதியிருக்கேன்னு அப்ப தெரியல."

"நான் போகப்போறதில்ல மாப்ள. வேணாம்னு சொல்லிடப்போறேன்."

"சொன்னா?"

"என்ன சொன்னா?"

"நீங்க வேணாம்னு சொன்னா எனக்கு என் வேலை திரும்பி வந்துடுமா?"

அவர் ஸ்பேனரைக் கை மாற்றிப் பிடித்தார்.

"நீங்க இல்லன்னா அடுத்தவன்" என்றான் மைத்துனன். "எவனோ ஒருத்தன் வந்து என் புரோகிராமைத் திறந்து பாத்து, எந்த முட்டாள் எழுதினதுன்னு கேப்பான். அதுக்கு நீங்களே கேட்டுட்டுப் போங்க. அக்காவும் எத்தனை நாளைக்குத்தான் ஒத்தை ஆளா ஓட்டுவா."

"உங்க அக்காவை இதுல இழுக்காத."

"நான் இழுக்கல மாமா. அவளே நேத்து போன் பண்ணா. ஒண்ணும் சொல்லல. சும்மா பத்து நிமிஷம் பிள்ளையப் பத்தி விசாரிச்சுட்டு அழுதா. என்னமோன்னு நெனச்சேன். இப்ப புரியுது."

சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். பக்கச் சக்கரம் ஒன்று தரையைத் தொடவில்லை. அதைக் குனிந்து பார்த்தபடியே, "ஒண்ணு மட்டும். நாம சொந்தம்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா உங்களையும் நிறுத்துவாங்க, எனக்குத் தர வேண்டிய அனுபவச் சான்றையும் இழுத்தடிப்பாங்க" என்றான்.

அவர் வேலையை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அன்று மனைவி கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னாள். வாழ்த்துச் சொல்லவும் முடியாமல், திட்டவும் முடியாமல் சொன்ன சரி.

கம்பெனியில் மைத்துனனுக்கு வேலை போகிற செய்தியைச் சொல்லி, கடைசியாக எட்டு நாள் புதிய ஆளிடம் வேலையை ஒப்படைக்கச் சொன்னார்கள். தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு. மேலாளரும் இருப்பாள். பேசுவதெல்லாம் பதிவாகும்.

முதல் நாள் திரையில் மைத்துனன் முகம் வந்தது. தலையை நன்றாகச் சீவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

"வணக்கம் சார். உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்."

"வணக்கம்" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க டாக்குமெண்ட் படிச்சேன். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றார்.

"நன்றி சார்."

பதினைந்து வருஷத்தில் மைத்துனனை அவர் 'நீங்க' என்று சொன்னதே இல்லை. அவனும் அவரை சார் என்றதில்லை. முதல் நாள் இருவருக்கும் அடிக்கடி வார்த்தை தடுக்கியது. இரண்டாம் நாள் பழகிவிட்டது. அப்படிப் பழகியதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மாலையில் மைத்துனனுக்குப் போன் செய்து சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று எடுத்தால், என்ன பேசுவதென்று தெரியாமல் வைத்துவிடுவார். அவனும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அவன் ஒரு படத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் கதவு திறந்து மகள் வந்தாள். பள்ளிக்கு விடுமுறை போலிருக்கிறது. அப்பாவின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"அப்பா, மாமா."

மைத்துனன் கை சட்டென்று போய் மைக்கை அணைத்தது. அதற்குள் மேலாளர் காதில் விழுந்துவிட்டது.

"பாப்பா என்ன சொல்றா?" என்று சிரித்தபடி கேட்டாள்.

மைத்துனன் மைக்கைத் திரும்பப் போட்டான். "யாரைப் பாத்தாலும் மாமாம்பா மேடம். கண்டுக்காதீங்க."

குழந்தை திரையைப் பார்த்துக் கையாட்டினாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். புது ஆள் ஒருவர் ஒரு குழந்தைக்குக் கையாட்டுவதில் தப்பொன்றும் இல்லை, ஆட்டியிருக்கலாம். அது அப்புறம்தான் புரிந்தது. அந்த நேரத்தில் எது காட்டிக்கொடுக்கும், எது கொடுக்காது என்றே தெரியவில்லை. அவள் இன்னும் இரண்டு தரம் கையாட்டிப் பார்த்துவிட்டு, முகம் சுண்டி, வெளியே போனாள். மைத்துனன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

ஆறாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மேலாளர் அழைப்பை முடிக்கப் போனாள்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றான் மைத்துனன். "ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த முப்பது பக்கத்துல இது இல்ல."

இரண்டு மருத்துவமனைகள் ஒரே நொடியில் ஒரே எண்ணுள்ள நோயாளிகளின் முடிவுகளை அனுப்பினால் நத்தை குழம்பும். மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோதான் நடக்கும். ஒவ்வொரு தடவையும் அவனே கையால் பிரித்து அனுப்பிவந்திருக்கிறான். யாருக்கும் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பிரிப்பது என்று நிதானமாக, படிப்படியாகக் காட்டினான். மேலாளர் நடுவில் வேறொரு போன் வந்து எழுந்து போய்விட்டாள். ஆனாலும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், இரண்டு மாதத்தில் அவனைத்தான் தேடி வந்திருப்பார்கள். அது இருவருக்கும் தெரியும். அவர் திரையைப் பார்த்தார். ஏன் மாப்ள என்று கேட்க முடியாது.

"புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுது."

"தப்பா போனா யாரோ ஒருத்தருக்கு வேற யாரோட ரிசல்ட்டோ போயிடும் சார். அதான்."

எட்டாம் நாள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மைத்துனனுக்கு இருந்த அனுமதிகளை நீக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிறவர் விடுப்பில் இருந்தார்.

"நீங்களே பண்ணிடுங்க சார். உங்களுக்கும் பழகின மாதிரி இருக்கும்" என்றாள் மேலாளர்.

நான்கு இடங்களில் நீக்க வேண்டியிருந்தது. முதல் மூன்றையும் வேகமாகச் செய்தார். நான்காவதில் அவன் முழுப் பெயரும், வேலையில் சேர்ந்த தேதியும், பள்ளி மாணவன் போல விறைப்பாகச் சிரிக்கிற ஒரு பழைய போட்டோவும் இருந்தன. கீழே சிவப்புப் பொத்தான். அதை அமுக்கியதும், நிச்சயமாக நீக்கலாமா என்று இன்னொரு கேள்வி வந்தது. அவர் கை மவுஸின் மேல் நின்றது.

"என்ன சார், வரலையா?" என்றாள் மேலாளர்.

"வருது."

"அமுக்குங்க சார்" என்றான் மைத்துனன். குரலில் கோபமோ வருத்தமோ கொஞ்சமும் இல்லை. ஸ்பேனரைப் பிடிங்க என்று சொன்ன அதே குரல். "அது கொஞ்சம் மெதுவாதான் எடுத்துக்கும். ரெண்டாவது தடவை அமுக்கிடாதீங்க."

அமுக்கினார். சில நொடிகளில் மைத்துனன் முகம் பாதி வார்த்தையில் உறைந்து, பிறகு அந்தக் கட்டமே காணாமல் போனது. மிச்சமிருந்த இரண்டு கட்டங்கள் விரிந்து திரையை நிறைத்துக்கொண்டன.

"நல்ல மனுஷன்" என்றாள் மேலாளர். "நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன மாதிரி எல்லாரும் போகமாட்டாங்க. நான் வேற எடத்துல எல்லாம் பாத்திருக்கேன், பெரிய ரகளையே நடக்கும்."

அவர் தலையை ஆட்டினார். மதியம் ஒரு மருத்துவமனையிலிருந்து, ஒரு முடிவு போய்ச் சேரவில்லை என்று புகார் வந்தது. லாக்கைத் திறந்து பார்த்தார். அலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. சரிசெய்து அனுப்பினார். வேலை சுலபமாக இருந்தது. அத்தனை ஒழுங்காக எழுதியிருந்தான்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மைத்துனனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் அவன் கலகலப்பாகத்தான் இருந்தான். இப்போது பேட்டிகளைப் பற்றி அவனாக எதுவும் சொல்வதில்லை. அவர் மனைவி தினமும் தம்பிக்குப் போன் செய்கிறாள். அவர் அறைக்குள் வந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறாள். அவருக்குத் தெரிந்த நாலைந்து இடங்களில் மைத்துனனைப் பற்றிச் சொல்லிவைத்தார். எல்லோரும் நிச்சயம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

போன சனிக்கிழமை மைத்துனன், விண்ணப்பத்தைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க மாமா என்று கூப்பிட்டிருந்தான். மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். மடிக்கணினிக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நீளமாக இருந்த இடங்களைச் சுருக்கினார். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார்.

"ஏன் அந்த வேலைய விட்டீங்கன்னு எல்லா எடத்துலயும் கேக்குறாங்க" என்றான் மைத்துனன். "நீங்க என்ன சொல்வீங்க?"

"கம்பெனிய வித்துட்டாங்கன்னு சொல்வேன்."

"என்னோடத விக்கலையே."

"ஆமா."

"என்னை விட நல்ல ஆள் கெடச்சாருன்னு சொல்லட்டுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். தேநீர்க் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்த அவன் அக்கா கதவருகில் நின்றுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, தம்பியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மைத்துனன் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். "என் வேலையப் பத்திச் சொல்றதுக்கு அந்தக் கம்பெனியில இருந்து ஒருத்தர் பேரைக் கேக்குறாங்க. மேடம் போன் எடுக்கிறதில்ல. உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்க."

"எத்தனை நாள் பழக்கம்னு கேட்டா?"

அவர் தேநீரை எடுத்தார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மனைவி அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள்.

"எட்டு நாள்னு சொல்றேன்" என்றார்.

மைத்துனன் தலையாட்டிவிட்டு, அவர் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். போன் எண்ணுக்கான இடம் வந்தபோது கேட்காமலே போட்டான். உறவுமுறை என்ற இடத்தில், உடன் பணிபுரிந்தவர் என்று எழுதினான்.

அதற்கப்புறம் தெரியாத எண்ணிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் அவர் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு எடுக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வரி எழுதி, திரைக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார். வருகிற அழைப்பெல்லாம் மருத்துவமனைகளிலிருந்துதான். மைத்துனனைப் பற்றி விசாரிக்க இதுவரை யாரும் கூப்பிடவில்லை.